வெடித்த விண்ணும் சோர்ந்த விண்ணும்

தைப்பொங்கல் கழிந்து வாடைக்காற்று இறங்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கத்து வீடுகளின் கோடிப்புறத்தில் உடைந்த விண்கள், அதாவது நார் பூட்டிக் கொடியின் (பட்டத்தின்) தலையில் கட்டிக் கூவவிடும் வில்கள், கிடக்கும். சிம்பு கிளம்பியது, காது பிளந்தது, கீறல் விழுந்தது என்று எறியப்பட்டவை. அவற்றில் பல இன்னும் இரண்டு மூன்று பருவம் தாராளமாகக் கூவக்கூடியவை. அதே வீட்டுக்குள் கூரை வளையில் பத்திரமாகச் செருகியிருக்கும், ஒரு கீறல்கூட இல்லாத விண்ணை எடுத்து நார் பூட்டி ஏற்றிப் பாருங்கள், முனகும். அது எப்போதோ செத்துப்போனது. எறியவேண்டியதை வைத்துக்கொண்டு வைத்திருக்க வேண்டியதை எறிகிறோம். விண்ணைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால் வருகிற வினை இது.

எனக்கு இதைக் காதால் பார்க்கப் பழக்கியவர் நாரந்தனையில் இருந்த ஒரு பெரியவர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அப்பு. கொடி கட்டுவதில் அவரை விஞ்சியவர்கள் கரம்பொனிலும் வேலணையிலும் இருந்தார்கள். எட்டுமூலைக் கொடிக்குத் தாள் ஒட்ட அவருக்குப் பொறுமை கிடையாது, முச்சைக் கயிறுகூட வேறு யாராவதுதான் கட்டிக்கொடுக்க வேண்டும். விண்ணில் மட்டும் அவருக்கு நிகரானவரை நான் கண்டதில்லை. விண் சீவுகிற கமுகு தீவுப்பகுதியில் அருமை. வலிகாமத்தில் எங்கேயாவது முற்றிய மரம் விழுந்தால் சொல்லிவைத்து ஒரு பாளம் எடுப்பிப்பார். அது அடுப்படிப் பரணில் ஒரு வருடம் புகை குடித்துக் கிடந்த பிறகே கத்தியை எடுப்பார். கமுகின் வலு முழுக்க வெளிப்பக்கத்தில், உள்ளே போகப்போகச் சோற்றி. அந்த வெளிப்பக்கம்தான் வில்லின் முதுகாக வரவேண்டும், அதில் கத்தி படவே கூடாது, சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கம் என்பது அவருடைய சட்டம். இங்கிலாந்தில் 1545இல் மூழ்கி 1982இல் தூக்கியெடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட வில்கள் கிடைத்தன. யூ மரத்தில் செய்த அந்த வில்களிலும் இழுவையைத் தாங்கும் வெளிமரம் முதுகிலும், நெருக்குதலைத் தாங்கும் வைரம் வயிற்றிலும் வருகிறது. அம்பு விடுகிற வில்லானாலும் காற்றில் கூவுகிற வில்லானாலும் மரம் கேட்கிற மரியாதை ஒன்றுதான்.

ஆகவே காயம் எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. முதுகில் நீளவாக்கில் சிம்பு கிளம்பியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நார் வாட்டத்திலேயே பிரிந்திருக்கிறது, குறுக்கே அறவில்லை. அப்பு சிம்பை விரலால் தொடவே மாட்டார். ஊசி முனையால் அடியில் பசை விட்டு, பருத்தி நூலை ஒன்றோடொன்று ஒட்ட நெருக்கிச் சுற்றுவார். சுற்றி முடிந்ததும் மற்றக் கையிலும், கீறலே இல்லாத இடத்தில், அதே தூரத்தில் அதே அளவு நூலைச் சுற்றுவார். எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. கேட்டேன்.

“தம்பி, தராசு ஒரு பக்கம் சரிஞ்சா கொடி நேரா நிக்குமே?”

கொடியின் தலையில் குறுக்கே இருக்கிற பொருளில் ஒரு பக்கம் கொஞ்ச நூல் கூடினாலும் பெருங்காற்றில் கொடி அந்தப் பக்கம் சாயத் தொடங்கும் என்பது ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையைக் கட்டுகிறவர் இரண்டு கையையும் கட்ட வேண்டும். நாரைப் பூட்டும் காது பிளந்தாலும் இதே கணக்குத்தான். பிளந்த நுனியை வெட்டிப் புதுக்காது எடுப்பதென்றால் மற்ற நுனியிலும் அவ்வளவு போகவேண்டும். நீளம் குறைந்தால் குரல் கொஞ்சம் ஏறும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வயிற்றுப் பக்கம் வேறு கதை. பெருவிரல் நகத்தை அங்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குறுக்குச் சுருக்கம் ஒன்று நகத்தில் தட்டும். மரம் நெருக்குதல் தாங்காமல் உள்ளே மடிந்துவிட்டது. அதன்மேல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வில் அந்த இடத்தில்தான் மடியும், நடுவானில் ஒருநாள் அங்கேயே முறியும். அதைக் கட்டக்கூடாது.

இவை இரண்டையும் விடப் பொல்லாதது சோர்வு. எங்கும் காயம் இல்லை, ஆனால் நாரைக் கழற்றினாலும் வில் நிமிர்வதில்லை. பூட்டிய நாரோடு வருடக்கணக்கில் வளையில் கிடந்ததால் வருவது. அப்பு பறந்து இறங்கிய கையோடு நாரைத் தளர்த்திவிடுவார். பையன்கள் யாராவது பூட்டியபடியே வைத்தால் அன்றைக்கு நல்ல ஏச்சு விழும். சந்தேகமான வில்லை நாரைக் கழற்றி இரவு சீமெந்துத் தரையில் கிடத்தி, அதன் ஓரமாகச் சோக்கால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் படுப்பார். விடிய வந்து பார்ப்பார். நல்ல வில் கோட்டை விட்டு நிமிர்ந்திருக்கும். சோர்ந்தது கோட்டோடு கோடாகக் கிடக்கும். அதை நெருப்பில் வாட்டி எதிர்ப்பக்கம் வளைத்து எடுக்கிறவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்திருக்கிறேன், ஓரிரு நாள் மிடுக்காக இருந்துவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டது.

விண்ணின் உயிர் நாரின் விறைப்பில் இருக்கிறது, விறைப்பைத் தருவது வில். காற்றில் கம்பி இசைப்பதை 1878இல் அளந்து எழுதியவர் செக் நாட்டு ஸ்ட்ரோஹால். அவர் பார்த்தது உருண்டைக் கம்பியை. எங்கள் நார் தட்டையானது, காற்றில் முறுகி முறுகித் திரும்புவது, அதனால்தான் அந்தக் கனத்த குரல். நார் நீண்டால் குரல் தாழும், விறைத்தால் ஏறும். வில் சோர்ந்தால் தாழ்வதோடு நிற்பதில்லை, நார் படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடும். கூவுவதும் படபடப்பதும் ஒன்றென்று நினைக்கிறவரோடு இந்த விஷயத்தைப் பேசிப் பயனில்லை.

பொதி கட்டும் பிளாஸ்டிக் பார்சல் நாருக்காக வாதாடும் நண்பர்கள் எனக்கு நிறைய. மழைக்கும் பனிக்கும் அசையாது, தூரத்துக்குக் கேட்கும், கடையில் வாங்கலாம் என்கிறார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் பனைமட்டையில் உரித்து, உடைந்த போத்தல் ஓட்டால் வழித்து, ஈரம் காயும் முன் பூட்டிய நாரின் அடிக்குரல் அதற்கு வராது. அது கத்துகிறது. கண்ணாடியிழைக் கம்பியை வில்லாக வளைக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். அது சோர்வதில்லை, சரி. ஆனால் மார்கழி இரவில் பனி ஏற ஏறக் கமுகு இளகி, குரல் மெல்ல மெல்ல இறங்கி, விடியப்புறம் வெயில் பட்டதும் திரும்ப ஏறுமே, அந்த நடை அதனிடம் எங்கே? பனையில் கட்டிவிட்ட கொடி இரவு முழுக்கப் பாடிய ஊரில் வளர்ந்தவருக்கு அந்த இறக்கத்தைக் கேட்டே நேரம் தெரியும். கம்போடியாவின் ‘க்லெங் ஏக்’ பட்டத்திலும் பாலித்தீவின் பெரிய பட்டங்களிலும் இதே போன்ற வில் உண்டு, மலேசிய வாவ் பட்டத்துக்கும் உண்டு. காற்றைக் கேட்கத் தெரிந்த கரையோரமெல்லாம் இதைக் கண்டுபிடித்திருக்கிறது.

வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கலன்று போட்டிக்கு ஏறும் கொடிகளின் கைவேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வடமராட்சிக்காரரின் கயிற்றுப்பலம் உலகறிந்தது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஓர் இளைஞரையே பட்டக்கயிறு தூக்கிப்போன காட்சியை எல்லாரும் பார்த்தோம். என் மனத்தாங்கல் வேறு. உருவத்துக்குப் பரிசு, புதுமைக்குப் பரிசு, இரவில் மின்விளக்குப் பூட்டினால் கைதட்டு. ஒலிபெருக்கி இரைச்சலுக்கு நடுவில் விண் கூவுகிறதா இல்லையா என்று யார் கவனிக்கிறார்கள்? கவனிக்க ஆளில்லாத இடத்தில் சோர்ந்த விண்ணும் நல்ல விண்ணும் ஒன்றுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரில் தீவுகள் வெறிச்சோடியபோது வீட்டு வளைகளில் பூட்டிய நாரோடே எத்தனையோ விண்கள் தங்கிவிட்டன. சனம் திரும்பியபோது கொடி கட்டத் தெரிந்தவர்கள் திரும்பினார்கள். விண் சீவத் தெரிந்தவர்கள் அவ்வளவாகத் திரும்பவில்லை.

அப்பு சீவிய விண் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்றின் முதுகு முழுக்க நூற்கட்டு, பார்க்க அவலட்சணம். மற்றது நேற்றுச் சீவியதுபோல் பளபளப்பு. போன மார்கழியில் இந்தப் பளபளப்புக்காரர் முன்னிரவிலேயே படபடக்கத் தொடங்கினார். சோக்குக் கோடு போட்டுப் பார்த்தேன், விடிய அசையாமல் கிடந்தது. முதுகில் கண்ணாடியிழைப் பட்டை ஒட்டினால் எழும்பும் என்று ஒரு நண்பர் சொன்னார். பிறகு கூவுவது பட்டையாக இருக்கும், அப்புவின் கமுகாக இராது. ஓய்வு கொடுத்துவிட்டேன். ஆனால் எறியவில்லை. நாலு விரலுக்கு ஒரு இடமாக அதன் தடிப்பை அளந்து கொப்பியில் எழுதினேன். பிடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக மெலிகிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. பிடிக்கு இரு பக்கமும் கொஞ்சத் தூரம் தடிப்பு மாறாமல் போய், அதன் பிறகுதான் மெலிகிறது. புதுப் பாளம் ஒன்று பரணில் ஏறியிருக்கிறது, அது காய ஒரு வருடம் செல்லும். அதுவரை சாட்டிக் கடற்கரையில் நூற்கட்டுப் போட்டதைத்தான் ஏற்றுவேன்.