வேகத் தெய்வத்துக்கு வைத்த காணிக்கை

‘த வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்’ என்ற தலைப்பைப் பார்த்ததும், நம் நாட்டு வீரர் ஒருவரைப் பற்றிய படம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே ‘இண்டியன்’ என்பது ஒரு மோட்டார் சைக்கிளின் பெயர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவான வண்டி அது. 1920-இல் வந்த ‘ஸ்கவுட்’ என்னும் வகையில் ஒன்றை நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் ஊர்க்காரரான பர்ட் மன்றோ வாங்கினார். அதைத் தம் வாழ்நாள் முழுவதும் மாற்றி மாற்றி அமைத்து, 1967-இல் தமது 68-ஆம் வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புச் சமவெளியில் உலகச் சாதனை புரிந்தார். 2005-இல் வெளிவந்த இப்படம் அவருடைய கதையைச் சொல்கிறது. இயக்கியவர் ரோஜர் டொனால்ட்சன்; மன்றோவாக நடித்தவர் ஆன்டனி ஹாப்கின்ஸ். டொனால்ட்சன் 1971-இலேயே மன்றோவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தவர். ஆகவே, தாம் அறியாத ஒருவரைப் பற்றி அவர் படம் எடுக்கவில்லை.

பொழுதுபோக்காகப் பார்த்தால் நல்ல படம், ஐயமில்லை. ஆனால் அறிவியல் பயிலும் மாணவர் இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்? அதையே இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். மன்றோவின் கொட்டகையில் ஓர் அலமாரித் தட்டு இருக்கிறது. உடைந்த பிஸ்டன்களும் சிதைந்த உறுப்புகளும் அதில் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ‘வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை’ என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. தோல்விகளைக் குப்பையில் எறியாமல் கண்முன்னே வைத்திருப்பது ஆராய்ச்சியாளனின் பழக்கம். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் அத்தட்டு ஏன் நிரம்பியது? படம் இக்கேள்வியின் அருகில் வந்துவிட்டு விலகிப் போய்விடுகிறது.

இண்டியன் கம்பெனி ஸ்பிரிங்ஃபீல்டில் உற்பத்தியை 1953-இல் நிறுத்திவிட்டது. பழைய வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தாலும் அது மணிக்கு 88 கிலோமீட்டர் ஓடவே செய்யப்பட்டது. மன்றோவுக்கு வேண்டியதோ அதைப்போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வேகம். எனவே வாங்க முடியாததைச் செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களில் உறுப்புகளை வார்த்தார். டிராக்டர் அச்சின் எஃகை அரத்தால் ராவி இணைப்புத் தண்டுகளை உருவாக்கினார். சக்கரக் கம்பி ஒன்றையே அளவுகருவியாக வைத்துக்கொண்டார். இவையெல்லாம் அவருடைய வரலாற்றில் பதிவானவை.

பழைய பிஸ்டன்களை உருக்கிப் புதியது வார்ப்பதைப் படம் காட்டுகிறது. அக்கம்பக்கத்தார் அவரை விசித்திரக் கிழவராகப் பார்ப்பதையும் காட்டுகிறது. நாமும் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் கலவைப் பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். அது 200 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.28 மி.மீ. விரியும். அதே அளவு சூடேறும் வார்ப்பிரும்பு உருளை 0.15 மி.மீ. மட்டுமே விரியும். மிஞ்சும் 0.13 மி.மீ. ஓரிரு தலைமயிரின் பருமன்தான். இடைவெளி அதைவிடக் குறைந்தால் பிஸ்டன் உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிக் கூடினால் வாயு கசியும், விசை குறையும். போதாக்குறைக்கு, கலவையில் சிலிக்கன் கூடினால் விரிவு குறையும். இனம் தெரியாத பழைய பிஸ்டன்களைச் சேர்த்து உருக்குபவர் ஒவ்வொரு முறையும் புதிய கலவை ஒன்றைச் சோதிக்கிறார் என்பதே இதன் பொருள். காணிக்கைத் தட்டு நிரம்பியதற்கு இது ஒரு காரணம். படத்தில் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருந்தால், அந்தக் கிழவர் கோமாளியல்லர், ஆராய்ச்சியாளர் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் விளங்கியிருக்கும்.

இணைப்புத் தண்டின் கதையும் இத்தகையதே. எஞ்சினின் சுழற்சி வேகம் இரு மடங்கானால் பிஸ்டனின் நிலைமத்தால் தண்டின்மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. நொடிக்குப் பல முறை இழுத்தும் அழுத்தியும் அலைக்கழிக்கப்படும் உலோகம், களைத்து முறியும். உரம் மிக்க எஃகைத் தேடி டிராக்டர் அச்சுக்குப் போனது சிக்கனத்தால் மட்டுமன்று, தேவையாலும்தான்.

இனி வேகத்துக்கு வருவோம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் 3.3 மடங்கானால் திறன் ஏறத்தாழ 36 மடங்கு வேண்டும். எஞ்சினின் கொள்ளளவோ 600 க.செ.மீ.யிலிருந்து 950 ஆகத்தான் வளர்ந்தது. எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் இந்த வேறுபாடு முழுவதையும் ஈடுகட்ட முடியாது. காற்றைக் கிழித்துச் செல்லும் அந்தச் சிவப்புக் கூடும் பாதி வேலையைச் செய்தது. படத்தில் அது கண்ணுக்கு அழகாக இருக்கிறது. அதன் பங்கு மட்டும் சொல்லப்படவில்லை.

அடுத்த குறை சற்றுப் பெரியது. மன்றோ பானவிலுக்குப் பல ஆண்டுகள் சென்று வந்தவர். 1962, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் சாதனை படைத்தவர். படம் இவற்றையெல்லாம் ஒரே பயணமாகச் சுருக்கி, இறுதியில் மணிக்கு 200 மைலைத் தாண்டச் செய்கிறது. 1967-இல் அவருக்குப் பதிவான சாதனையோ 183.586 மைல். கதைக்காகச் சுருக்குவது கலைஞரின் உரிமை. ஆனால் ஒரே முயற்சியில் வெற்றி என்று காட்டினால், ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் உழைப்பே மறைந்துபோகிறது. உண்மை எண்ணுக்குள் இன்னும் சுவையான கதை ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய கணக்கில் பிழை இருப்பதை மன்றோவின் மகன் கண்டுபிடித்தார். 2014-இல், மன்றோ மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின், சாதனை 184.087 மைல் எனத் திருத்தப்பட்டது. அளவீட்டில் காட்டும் கண்டிப்பு எத்தகைய மரியாதை என்பதை இதைவிட நன்றாக யார் காட்டமுடியும்?

மூன்றாவது குறையை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். பழைய டயர், போதாத பிரேக், வேகம் தணிக்கும் பாரசூட் இல்லாமை ஆகியவற்றுக்காகச் சோதனையாளர்கள் மன்றோவைத் தடுக்கிறார்கள். பார்ப்பவருக்கு அவர்கள் சட்டம் பேசும் வில்லன்களாகத் தெரிகிறார்கள். உண்மையில் அவர்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். ரப்பர், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வெப்பத்தாலும் ஓசோனாலும் இறுகி வெடிக்கும். மன்றோ பிழைத்தார் என்பது விதிகள் வீண் என்பதற்குச் சான்றாகாது.

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும் ஆசை உங்களுக்கும் இருக்கலாம். அப்படியானால் இப்படத்தைப் பார்த்தபின் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். உதிரிப் பாகத்தை வாங்குமுன் கையிலுள்ள பழைய உறுப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பழைய வண்டியின் அங்குல மரையில் மெட்ரிக் திருகு பொருந்தாது. ‘பிரிக்காத பழைய சரக்கு’ என்று பெருமையாக விற்கப்படும் டயர், குழாய், ஆயில் சீல் ஆகியவற்றை நம்பாதீர்கள். இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. உயிரைத் தாங்கும் பிரேக்கிலும் டயரிலும் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

படம் பார்க்கத் தக்கதே. மன்றோவின் துணிச்சலைக் கண்டு வியந்து திரும்புங்கள். திரும்பும்போது அந்த அலமாரித் தட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதனை பிறந்த இடம் உப்புச் சமவெளியன்று, அந்தத் தட்டுதான்.