நால்வருக்கு வெளியே

என் அக்கா மகள் தன் கல்யாணத்துக்கென்று ஓர் எக்செல் கோப்பு வைத்திருக்கிறாள். மொத்தம் 212 வரிகள். வெள்ளி மாலை மெஹந்தி, சனி காலை ஹல்தி, இரவு சங்கீத், ஞாயிறு விடியலில் முகூர்த்தம், மதியச் சாப்பாடு முடிந்ததும் அறைகளைக் காலி செய்வது. முடிந்த வேலைக்குப் பச்சை நிறம், முடிவாகாததற்கு மஞ்சள். சிறுசேரி சிப்காட்டில் மென்பொருள் வேலை பார்ப்பவள். அலுவலகத்தில் பகலெல்லாம் செய்வதை இரவில் தன் கல்யாணத்துக்கும் செய்துகொண்டிருக்கிறாள்.

முதலில் அவள் ஆசைப்பட்டது கொடைக்கானல். ஏரிக்கரையில் பனி விலகும் நேரத்தில் மாலை மாற்ற வேண்டும் என்று ஒரு படம் அவள் மனத்தில் இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அத்தனை உறவினருக்கும் யார் அதை எடுத்துக் கொடுப்பது? கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும். ஆகவே மலை ஏரி கைவிடப்பட்டு மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்று முடிவானது. அதுவும் பச்சையாகிவிட்டது.

அந்தக் கோப்பை எனக்கும் அனுப்பியிருந்தாள். தமிழ் தெரிந்தவள் என்பதால் அழைப்பிதழ் வாசகத்தைத் திருத்தித் தரும் பொறுப்பு என்னுடையது. மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனபோது 'நலங்கு வைப்போர்' என்ற வரி வந்தது. ஏழு பெண்களின் பெயர்கள். பெரியம்மா, அத்தைகள், மாப்பிள்ளையின் அண்ணி. என் பெயர் அங்கே இல்லை. வெகு கீழே, சங்கீத் பகுதியில் இருந்தது: 'சித்தி, கவிதை, 5 நிமிடம்.'

எனக்கு விவாகரத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கேட்டதும் அவள் தடுமாறிப்போனாள். "மாப்பிள்ளை வீட்ல யாராவது எதாவது சொல்லிட்டா உங்களுக்குத்தானே கஷ்டம், சித்தி. அதுக்குத்தான்." பொய் சொல்லவில்லை. என்மேல் பிரியமுள்ள பெண்தான். அந்தப் பிரியம்தான் என்னைப் பல நாட்கள் யோசிக்க வைத்தது.

அதே வாரம் முதுகலை வகுப்பில் அகநானூற்றின் 86ஆம் பாடல். நல்லாவூர் கிழார் பாடியது. பதினேழு ஆண்டுகளாக நடத்துகிறேன். உளுந்து சேர்த்துக் குழைய வைத்த களி, வரிசையாகக் கால் நட்ட பந்தல், புது மணல், விளக்கு, மாலை. பெண்கள் தண்ணீர்க் குடங்களோடு வருகிறார்கள், மணமகளைப் பூவும் நெல்லும் இட்ட நீரால் நீராட்டி வாழ்த்துகிறார்கள். புரோகிதர் இல்லை, தீ வலம் வருதல் இல்லை, தாலி இல்லை. "பாருங்கள், தமிழர் திருமணம் இப்படித்தான் இருந்தது, பெண்களே நடத்தினார்கள்" என்று ஒவ்வோர் ஆண்டும் பெருமையாகச் சொல்லி முடிப்பேன். மாணவிகளும் அதைத்தான் தேர்வில் எழுதுவார்கள்.

இந்த முறை அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நீராட்டும் பெண்கள் யார்? நான்கு பேர். யாரோ நான்கு பேர் அல்ல. பிள்ளை பெற்றவர்கள், நகையணிந்தவர்கள். பிள்ளைப்பேற்றின் அடையாளத்தை அவர்கள் வயிற்றிலேயே காட்டுகிறார் புலவர். கற்பிலிருந்து வழுவாமல், உன்னைப் பெற்ற கணவன் விரும்பும்படி இரு என்பது அவர்கள் தரும் வாழ்த்தின் சாரம். பிள்ளை இல்லாதவள், கணவனை இழந்தவள், கணவனை விட்டு வந்தவள் அந்தப் பந்தலில் எங்கே நின்றிருப்பாள்? பாட்டில் அவளுக்கு இடமில்லை. புரோகிதர் வருவதற்கு முன்பே பட்டியல் வந்துவிட்டது. பதினேழு ஆண்டுகள் அந்த அடைமொழியை நான் அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள், அந்த நால்வரில் ஒருத்தியாக நிற்க எனக்குத் தகுதி இல்லை என்று மற்றவர்கள் முடிவுசெய்திருந்த ஆண்டுகள்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கல்யாணத்தை நமக்குச் சொல்பவன் மணமகன். எப்போது சொல்கிறான்? பாடலின் துறைக் குறிப்பைப் பாருங்கள். தோழி அவனை வீட்டுக்குள் விட மறுக்கிறாள். அவளிடம் அவன் சொல்வது இது. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலிலும் ஒரு கல்யாணம் வருகிறது. இறைச்சியும் நெய்யும் கலந்த சோறு, முழங்கும் முரசு, நல்ல நிமித்தம் எல்லாம் உண்டு. அங்கே தலைவி ஊடியிருக்கிறாள், ஊடல் தீரவில்லை. தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்கிறான். சங்க இலக்கியத்தின் புகழ்பெற்ற இரண்டு கல்யாணக் காட்சிகளும் பெண் கோபமாக இருக்கும் நேரத்தில் ஆண் நினைத்துப் பார்ப்பவை. இன்று கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்துச் சமாதானமாகும் வீடுகள் நமக்குத் தெரியும். களி கிண்டியவர்களும் குடம் சுமந்தவர்களும் பெண்கள். கதை மட்டும் அவனுடையது.

சிலப்பதிகாரத்துக் கல்யாணம் இன்னும் பெரிது. நகைபூண்ட பெண்களை யானை மீது ஏற்றி ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறார்கள். கண்ணகிக்கு வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. மங்கல வாழ்த்துப் பாடல் முழுவதிலும் மணப்பெண் வாய் திறப்பதில்லை.

பெண்ணே தன் கல்யாணத்தைச் சொன்னாள் என்றால், நமக்குத் தெரிந்து அது ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியை இப்போது படித்தால் அது ஒரு மணப்பெண்ணின் திட்டம்போலவே தெரிகிறது. ஆயிரம் யானைகள் சூழ மாப்பிள்ளை வருகிறான். பூரண கும்பம், தோரணம், முத்து மாலைகள் தொங்கும் பந்தல். பெண் கேட்க இந்திரனும் தேவர்களும். கூறைப் புடவை உடுத்தி மாலை சூட்டுகிறவள் அந்தரி, அதாவது துர்க்கை. பொரி அள்ளிப் போடுவது தமையன்மார். தாரைவார்த்துக் கொடுக்கும் தந்தை அந்தக் காட்சிகளில் இல்லை. அம்மி மிதிக்கையில் அவள் காலைத் தன் கையால் பிடிப்பவன் அவன்தான். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறவள் அவள். நலங்குப் பட்டியலை மாமியார் வீடு எழுதவில்லை.

ஆனால் எல்லாம் கனா. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தோழியிடம் அதை அவளே சொல்லிவிடுகிறாள். தன் விருப்பப்படி ஒரு கல்யாணத்தை அமைக்க அவளுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். இன்று அந்தப் பாடல்கள் வைணவக் கல்யாணங்களில் சடங்காகப் பாடப்படுகின்றன. பாடி முடித்த கையோடு தாரைவார்ப்பும் நடக்கிறது.

இந்தக் கடற்கரையில் அண்மையில் ஒரு பெண் தன் கல்யாணத்தைத் தானே சொன்னாள். நயன்தாராவுக்கும் விக்னேஷ் சிவனுக்கும் 2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரம் அருகே ஒரு ரிசார்ட்டில் கல்யாணம் நடந்தது. 2024 நவம்பர் 18 அன்று நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படமாக வந்தது. கல்யாணத்தை விற்றுவிட்டார் என்ற கேலியைத்தான் அப்போது அதிகம் கேட்டேன். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அவருடைய சொந்த வாழ்க்கையைப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாக விற்றுக்கொண்டுதான் இருந்தன. அவரே சொல்லும்போது மட்டும் அது வியாபாரமாகிவிடுகிறதா? ஆனால் என் அக்கா மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் அந்தப் படம் வேறு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. உழைத்து உயர்ந்த ஒரு நடிகையின் கதையை விட்டுவிட்டு, பூ அலங்காரத்தையும் புடவை நிறத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

"என் கல்யாணம், என் இஷ்டம், சித்தி" என்று அவள் சொல்வதை நான் மதிக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு மாப்பிள்ளையின் முகமே மணவறையில்தான் தெரிந்தது. இவள் காதலித்தவனையே கட்டிக்கொள்கிறாள். ஆனால் அந்த இஷ்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 212 வரிகளில் பொறுப்பாளர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் ஒன்பது வரிகளில் இருக்கிறது. ட்ரோன், டிஜே, தன்னுடைய சூட் ஆகியவை அவற்றில் சில. மீதி அவளும் அவள் அம்மாவும். "அவரும் ஹெல்ப் பண்றார் சித்தி" என்கிறாள். தன் கல்யாணத்திலேயே உதவியாளாக இருக்கிறவன், நாளை சமையலறையிலும் உதவியாளாகத்தான் இருப்பான்.

செலவு பாதிக்குப் பாதி என்பதில் அவளுக்குப் பெருமை. பெண் வீட்டின் பாதி அக்கா கணவரின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னது நம் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம்: "நாங்க ஒண்ணும் கேக்கல, கல்யாணத்த மட்டும் கிராண்டா பண்ணிடுங்க." வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். மணமக்களுக்குத் தரப்படும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும், மணப்பெண்ணுக்கு வந்ததன் பட்டியலை அவளே வைத்திருக்க வேண்டும் என்று 1985இல் விதிகளும் வந்தன. பின்னாளில் பிரிவு என்று ஒன்று வந்தால் அவளுடைய நகைக்கு அந்தத் தாள் சாட்சி. என்னிடம் அது இல்லை. இல்லாததற்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதப்போவதில்லை. பூவின் ரகம்வரை பட்டியலிட்ட அந்தக் கோப்பில், சட்டம் கேட்கும் அந்த ஒரே பட்டியல் இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் வரி இல்லை.

ரிசார்ட்டைப் பார்க்க இருவரும் கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனோம். வழியில் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோயில். கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கிச் சுற்றி வருவதும், ஆனபின் ஜோடியாக வந்து வணங்குவதும் அங்கே வழக்கம். இந்தக் கடற்கரைக்குக் கல்யாணத்தைத் தேடி வெளியூரிலிருந்து ஆட்கள் வருவது ரிசார்ட்டுகளால் தொடங்கியதல்ல. தலபுராணப்படி காலவ முனிவருக்கு 360 பெண்கள். வராகப் பெருமாள் நாளுக்கு ஒருத்தியாக எல்லோரையும் மணந்தார். கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார். அகிலவல்லி என்று பெயர். அக்கா மகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "360 பேருக்கும் தனித்தனிப் பேர் இருந்திருக்குமில்ல சித்தி?" என்றாள். நல்ல கேள்வி. மாணவிகளிடமும் அதைக் கேட்கப்போகிறேன்.

அதே பெருமாளிடம் திருமங்கையாழ்வார் தாயின் குரலில் பேசுகிறார். காதலில் உருகிக் கிடக்கிறாள் என் மகள், நீ மனத்தில் என்னதான் வைத்திருக்கிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு அந்தத் தாய் கேட்கிறாள். தெய்வத்தையே நேருக்கு நேர் நின்று கேட்கிறாள். நம் வீட்டுத் தாய்மார்கள் சம்பந்தி வீட்டிடம் கேட்க வாயெடுக்காத கேள்வி அது. என் அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறாள்.

வேறு வழியே இருந்ததில்லையா? 1928இல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு இத்தகைய திருமணங்கள் சட்டப்படி செல்லுபடியாயின. உறவினரோ நண்பரோ இருந்தால் போதும். இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் திருமணம், தாலி கட்டினாலும் திருமணம். யார் சுமங்கலி என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அந்த அரை மணி நேரக் கல்யாணத்தை ஏழைகளின் கல்யாணமாக, கட்சிக்காரர்களின் கல்யாணமாக நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆடம்பரம் கூடாது என்று பெண்களுக்கு உபதேசம் செய்ய நான் இதை எழுதவில்லை. மூன்று நாள் கடல் பார்த்துச் சிரித்து ஆட எல்லாப் பெண்களுக்கும் உரிமை உண்டு. மலையை விட்டுக் கடலுக்கு வந்தாலும் பட்டியல் நம்மோடு பயணம் செய்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இதில் என் பங்கும் உண்டு. இந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களில், ஆரத்தித் தட்டு வரும் நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பந்தியை மேற்பார்வையிடப் போயிருக்கிறேன். யாரும் சொல்வதற்கு முன் நானே விலகிவிடுவது கௌரவம் என்று நினைத்தேன். அப்படி விலகி விலகித்தான், என்னை விட்டுவிடுவது எனக்குச் செய்யும் நன்மை என்று அந்தப் பெண் கற்றுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவளிடம் சொன்னேன். கவிதை வாசிக்க மாட்டேன், நலங்கு வைப்பேன். சந்தனம் பூச என் கைக்கும் தெரியும். அழைப்பிதழைத் திருத்தித் தருகிறேன், அதற்குக் கூலியாகப் பரிசுப் பட்டியலுக்கும் திருமணப் பதிவுக்கும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். அவள் வெகுநேரம் பேசவில்லை. நாவலூர் சிக்னலில், "அம்மாகிட்ட கேக்கறேன்" என்றாள். பிறகு, "இல்ல, அம்மாகிட்ட சொல்றேன்" என்று திருத்திக்கொண்டாள்.

கல்யாணம் தை மாதம். நேற்றுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 214 வரிகள். நலங்கு வரி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கிறது.