விலைபோகாத ஒரு படத்தை எப்படி ரசிப்பது

இயக்குநர் மைக்கல் மானின் ‘ஹீட்’ படத்தை இன்னும் பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் முதலில் ‘எல்.ஏ. டேக்டவுன்’ பார்க்கலாம். முன்னரே பார்த்தவர்கள் அதில் நடித்த அல் பசீனோவையும் றொபேர்ட் டி நீரோவையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு வரவேண்டும்.

1989 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடிய ஒன்றரை மணிநேரப் படம் ‘எல்.ஏ. டேக்டவுன்’. ஒரு பொலிஸ் தொடருக்கு மாதிரியாக எடுத்த பைலட். துப்பறிவாளர் ஹன்னாவாக நடித்த ஸ்கொட் பிளாங்கை மாற்றும்படி நிலையத்தார் கேட்டார்கள். மான் மறுத்தார், தொடரும் அத்தோடு நின்றது. பல வருஷமாகக் கையில் வைத்திருந்த பெரிய திரைக்கதையை வெட்டிச் சுருக்கி, 19 நாளில் படப்பிடிப்பை முடித்திருந்தார். அதே கதையைத்தான் 1995 டிசம்பரில் ‘ஹீட்’ ஆகக் கொண்டுவந்தார். அந்த மாதம் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து கிடந்தது. எங்களில் பலருக்கு அந்தப் படம் பிந்தித்தான் கிடைத்தது.

கதைக்கு அடியில் உண்மையான சாவு ஒன்று இருக்கிறது. நீல் மக்கோலி அல்கட்ராஸ் சிறையையும் கண்ட கொள்ளைக்காரர். சிக்காகோவில் அவரைக் கண்காணித்துவந்த துப்பறிவாளர் சக் அடம்சன், 1963இல் நேருக்குநேர் எதிர்ப்பட்டபோது அவரைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். இருவரும் இருந்து கதைத்தார்கள். 1964 மார்ச் 25 அன்று சுப்பர்மார்க்கட் ஒன்றைக் கொள்ளையடித்துவிட்டு வெளியே வந்த மக்கோலியை அடம்சனின் குழு சுட்டுக்கொன்றது. பின்னாளில் மானுக்கு இதைச் சொன்னவரும் அடம்சன்தான்.

அதனால் துப்பறிவாளரும் கொள்ளைக்காரரும் இருந்து கதைக்கும் கோப்பிக் காட்சியில் ஆறுதலாக நில்லுங்கள். இரண்டு படத்திலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். பைலட்டில் ஒருதரம் கேட்டுவிட்டு, மறுதரம் சத்தத்தை நிறுத்தி முகங்களை மட்டும் பாருங்கள். பிளாங்கும், கொள்ளைக்காரராக நடித்த அலெக்ஸ் மக்ஆர்தரும் இளமையானவர்கள், அழகர்கள். தேவைப்பட்டால் உன்னைக் கொல்லுவேன் என்ற பேச்சு அவர்களின் வாயில் இருக்கிறது, உடம்பில் இறங்கவில்லை. ‘ஹீட்’டில் இரண்டு கமெராக்கள் இருவரையும் ஒரேநேரத்தில் பிடித்தன. ஒருவர் தோளை அசைத்தால் மற்றவரின் கண் அதே கணத்தில் அதற்குப் பதில் சொல்லும். பைலட்டைப் பார்த்தவருக்குத்தான் அந்த அசைவு முழுதாகத் தெரியும்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பார்வை பழக்கமானது. விடியவிடிய ஆடும் கூத்தில் ஒரே அரசனை முன்னிரவில் ஒருவரும் பின்னிரவில் வேறொருவரும் ஆடுவார்கள். கதை தெரிந்த சனம், ஆள் மாறும்போது அரசன் என்ன ஆகிறான் என்று பார்க்கவே நித்திரை முழித்திருக்கும்.

சாண்டர் பெர்க்லியையும் கவனியுங்கள். பைலட்டில் கூட்டாளிகளுக்கே ஆபத்தாகும் வெயின்குரோ அவர்தான். ‘ஹீட்’டில் ஹன்னாவின் மனைவியோடு வீட்டில் இருந்து ரீவி பார்க்கும் ரால்ஃபும் அவரே. பயங்கரமும் பாவமும் ஒரே முகத்தில் வந்துபோவது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

முடிவைச் சொல்லாமல் அடுத்ததை விளக்க முடியாது. பைலட்டில் கொள்ளைக்காரர் மக்லாரன் சாவது வெயின்குரோவின் குண்டில். தன்னோடு கோப்பி குடித்தவனைக் கொல்லும் பாரம் ஹன்னாவுக்கு வரவில்லை. கிழமைக்குக் கிழமை வீட்டுக்குள் வரவேண்டிய தொடர் நாயகனுக்கு அந்தக் கறை வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். பெரிய படத்தில் ஹன்னாவே சுடுகிறார், சாகிறவனின் கையையும் பிடிக்கிறார். சிக்காகோவில் நடந்ததற்குக் கிட்ட வருவது இந்த முடிவுதான். இரண்டையும் ஒரே இரவில் பார்க்காதீர்கள். ‘ஹீட்’ மட்டும் 170 நிமிஷம். பைலட்டின் முகங்கள் மனதில் கொஞ்சம் பதிந்த பிறகு, அடுத்த நாள் அதைப் போடுங்கள்.