மூலம் இல்லாத பாடபேதங்கள்

ஒரு பாட்டு எங்கே இருக்கிறது? இசைத்தட்டு வணிகத்திடம் இதற்கு எளிய பதில் உண்டு: ஸ்டுடியோவில் பதிவானதுதான் பாட்டு, மேடையில் நடப்பது அதன் நகல். கிரேட்ஃபுல் டெட் குழுவிடம் இந்தப் பதில் செல்லாது. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி, 1995இல் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தவர்கள் இவர்கள். அவற்றில் பெரும்பகுதி ஏதோவொரு நாடாவில் தங்கியிருக்கிறது. நான் இவர்களுடைய ரசிகன். அதை மறைத்து நடுநிலை பாவனை செய்ய உத்தேசமில்லை.

'டார்க் ஸ்டார்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1968இல் சின்ன இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. யாரும் சீந்தவில்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்தது 'லைவ்/டெட்' தொகுப்பில் 23 நிமிஷம். 1972 ஆகஸ்ட் 27, ஆரிகான் மாநிலத்து வெனீட்டாவில், வெட்டவெளியில் ஏறத்தாழ அரைமணி நேரம். பாடுவதற்கென்று இருப்பது சில வரிகள்தான், மற்றதெல்லாம் வெளி. அந்த வெளியில் ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிதார் தாளத்துக்குக் காவல் நிற்காமல் கார்சியாவோடு எதிர்ப்பேச்சு பேசுகிறது. வெனீட்டாவில் சுருதியே கரைந்துபோகிற இடம்வரை போய்விட்டு, சட்டென்று 'எல் பாஸோ' என்ற கௌபாய்க் கதைப்பாட்டுக்குள் இறங்குகிறார்கள். ஏன் என்றால் பதில் கிடையாது. ஆனாலும் கேட்கிறபோது அதுதான் சரின்னு படுது.

இதில் எது மூலம்? தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய சொல்லில், இங்கே பாடபேதங்கள் உண்டு, மூலபாடம் இல்லை. மனோதர்மம் என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். அது பாதிதான், மீதி, நாடாக்களின் கதை. ரசிகர்கள் மைக்கைத் தூக்கிப்பிடித்துப் பதிவு செய்வதைக் கண்டும் காணாமலிருந்த குழு, 1984இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. மாற்றிக்கொள்ளலாம், விற்கக்கூடாது என்பது வழக்கம். 90 நிமிஷ கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். திருப்பிப் போடுவதற்குள் கொஞ்சம் இசை தொலையும். நகலுக்கு நகல் இரைச்சல் கூடும். ஏடு பெயர்த்தெழுதியவனின் கைப்பிழைபோல இவையும் பிரதியில் சேர்ந்தவை. மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த பதிவு துல்லியமானது, வாஸ்தவம். கூட்டத்துக்கு நடுவே எடுத்ததில்தான் முதல் சுரத்திலேயே பாட்டை அடையாளம் கண்டு எழும் கூச்சல் இருக்கிறது.

உடனே இதைச் சந்தைக்கு வெளியே நிற்கும் கலை என்று புளகாங்கிதம் அடைய வேண்டாம். கச்சேரிக்கு டிக்கெட் விற்றார்கள். இலவச நாடா அதற்கு விளம்பரமாகவும் வேலை செய்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 1977 மே 8, இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்து பார்ட்டன் ஹால் கச்சேரிதான் ஆகச்சிறந்தது என்று வெகுகாலமாகப் பலரும் சொல்லிவருகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2017இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. ஆக, மூலமில்லாத இடத்தில் ஒரு மூலத்தைப் பிரதிஷ்டை செய்தாயிற்று. நல்லாத்தான் இருக்கு, மறுக்கவில்லை. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' எங்கே முடிந்து 'ஃபயர் ஆன் த மவுன்டன்' எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முடியாது. ஆனால் இவ்விரண்டையும் அவர்கள் கோத்து வாசிக்கத் தொடங்கியது அதே வருஷம் மார்ச் 18 அன்றுதான். இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு இணைப்பு அன்றிரவு கைகூடுகிறது. முந்தைய இரவுகளின் தடுமாற்றத்தைக் கேட்காதவருக்கு இந்தக் கைகூடல் வெறும் அழகாக மட்டுமே கேட்கும்.

இன்னொன்று. அதைப் பதிவு செய்தவர் பெட்டி கான்டர்-ஜாக்சன் என்ற பெண். அந்த நாடாவில் எந்தக் கருவி எவ்வளவு ஒலிக்கவேண்டும் என்று தீர்மானித்த காது அவருடையது. அவர் பதிவு செய்த நாடாக்கள் பல, கிடங்கு வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலத்தில் போயின. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் உற்சாகமாகச் சொல்கிறோம். சொல்லலாம். பிரதிக்கு ஆசிரியன் இல்லாமல் போகலாம். அதைச் சுமந்துவந்தவரின் உழைப்பு இல்லாமல் போவதில்லை. மூலத்தைத் தேடுபவர்கள், மூலமே இல்லை என்பவர்கள், இரண்டு தரப்புமே இந்தப் பெயரைத் தாண்டித்தான் போகிறார்கள். கார்னெல்லைக் கேட்பவர்கள் அந்தக் காதையும் சேர்த்துக் கேட்கட்டும். கூடவே, பட்டியலில் ஏறாத நாலு சுமாரான இரவுகளையும்.