ஹைட்ரஜனை மேடையேற்றினால்

போன மாசம் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பேருக்கு முன்னால் வாசித்தோம். அவர் கிட்டார், நான் லேப்டாப். தாளத்துக்கு ஹைட்ரஜன். இலவச, திறமூல டிரம் மென்பொருள்களில் லினக்ஸ்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் இதுதான். சி++, க்யூடி, ஜிபிஎல் உரிமம். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக்குத் தாளம் கட்டுவதற்கு இதைவிட எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரே டிரம்முக்கு அடியின் வேகத்தைப் பொறுத்து வெவ்வேறு ஒலிப்பதிவுகளை அடுக்க முடிவது பெரிய வசதி.

மாடியில்தான் மானம் போனது.

நேரடி வாசிப்பில் முன்கூட்டி எழுதிய பாட்டு வரிசை உதவாது. அப்போதைக்கப்போது ஒரு லூப்பைச் சேர்க்கணும், எடுக்கணும். ஹைட்ரஜனில் பல பேட்டர்ன்களை ஒரே நேரத்தில் ஓடவிட 'ஸ்டாக்டு' முறை இருக்கு. நாலு பீட்டுக்கு கிக், ஸ்நேர். அதன்மேல் மூணு பீட்டுக்கு ஒரு மணி. பன்னிரண்டாவது பீட் முடிந்ததும் ரெண்டும் சேர்ந்து விழணும், அதுதான் சுகம். ஆனால் நான் பயன்படுத்திய பதிப்பில் மணி மூணு பீட் அடித்துவிட்டு நாலாவதில் சும்மா இருந்தது. ஓடுகிற பேட்டர்ன்களில் எது நீளமோ அதுதான் எல்லோருக்கும் எஜமானன். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே!

மூலநிரலைத் திறந்தேன். ஒரு பீட்டுக்கு 48 டிக். இப்போது எத்தனையாவது டிக் என்று ஒரே ஒரு எண்ணை வைத்து எல்லாப் பேட்டர்ன்களையும் வாசிக்கிறது. அந்த எண்ணை அந்தந்தப் பேட்டர்னின் நீளத்தால் வகுத்து மீதியை எடுத்தால் மணி சுழலும். சின்ன வேலைதான். அப்புறம்தான் சிக்கல்: புதுப் பேட்டர்ன் உள்ளே வர, நடப்புச் சுற்று முடியக் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று என்றால், யாருடைய முடிவுக்காகக் காத்திருப்பது? இது பிழை இல்லை. ஹைட்ரஜன் பாட்டு எழுதும் மேசை. மேடைக்காரனின் கேள்வி அதன் அடித்தளத்தில் கேட்கப்படவே இல்லை.

(கண்ட நடை பற்றிக் கேட்பீர்கள். 48 ஐந்தால் வகுபடாது, என் பதிப்பின் கட்டத்திலும் ஐந்து கிடையாது. கட்டத்தை அணைத்துவிட்டு 10, 19, 29, 38 என்று கையால் வைத்தால், 100 பிபிஎம்மில் அதிகபட்சத் தவறு 5 மில்லிசெகண்டுதான். காதுக்கு உறுத்தவில்லை, மவுஸ் பிடித்த கைக்குத்தான் வலி.)

செக்24 இதற்கு நேரெதிர். பார்க்க அழகில்லை, சொந்தமாக ஒலியும் கிடையாது, மிடி மட்டும்தான். ஆனால் திரையில் 32 பெட்டி, ஒவ்வொன்றும் தன் நீளத்தில் தனியாகச் சுழலும், விசைப்பலகையில் ஒரு தட்டு தட்டினால் ஓடும், நிற்கும். உடனே மாறணுமா, சுற்று முடிந்து மாறணுமா என்பதைக்கூட வாசிப்பவரே முடிவு செய்யலாம்.

அதனால் என் திருத்தத்தை ஓரம்கட்டிவிட்டேன். இப்போது சுழற்றுவது செக்24, ஒலிப்பது ஹைட்ரஜன். முதல் வாத்தியம் மிடி எண் 36-இல் ஆரம்பிக்கிறது, அங்கிருந்து வரிசையாக இணைத்தால் போதும். அடுத்த ஞாயிறு மறுபடி அதே மாடி. நண்பர் மணியை மட்டும் வேண்டாம் என்கிறார்.