யாருடைய நேரம் தாமதமாகிறது?

நெரிசலைப் பற்றிய அறிக்கைகளைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். ஊபருக்காக பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் 2018இல் தயாரித்த அறிக்கை, டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா நகரங்களுக்கு நெரிசலால் ஆண்டுக்கு 2,200 கோடி டாலர் இழப்பு என்றது. வாடகைக்கார் நிறுவனம் நெரிசலுக்காக வருந்துவதன் சுவையை விட்டுவிடுவோம். எனக்கு உறுத்துவது இப்படிப்பட்ட கணக்குகள் நேரத்துக்கு விலை வைக்கும் முறை. பெரும்பாலும் சம்பளம்தான் அளவுகோல். மென்பொருள் அதிகாரி காரில் இழக்கும் ஒரு மணி நேரம் பெரிய நஷ்டம். அவர் வீட்டுப் பாத்திரம் துலக்கப் பேருந்தில் நின்றபடி வருகிறவளின் அதே ஒரு மணி நேரம் சில்லறை. மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறவளுக்குச் சம்பளமே இல்லை, ஆகவே அவளுக்குத் தாமதமும் இல்லை!

நம் அகமரபில் பொருள்வயின் பிரிவு தலைவனுக்கு உரியது, தலைவி காத்திருப்பாள். சாலைப் பொருளாதாரம் இன்னும் அந்தத் திணையிலேயே நிற்கிறது.

நெரிசலில் எரியும் பெட்ரோல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும். வீட்டில் வடிக்கும் சோறு சேராது. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் இருந்த மெரிலின் வேரிங் 1988இலேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். நம் அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடங்கள், ஆண்கள் 97. பேருந்தில் போகும் நேரம் இதற்கு மேல்.

நெரிசல் வளர்ச்சியின் அடையாளம் என்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் அது பாதி உண்மை. கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த அதே காலத்தில்தான் நகரத்தின் நடுவே இருந்த குடிசைகள் பெயர்க்கப்பட்டு, மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை நகரத்தில், வீடு அங்கே. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், 'ஓசி' என்று கிண்டல் செய்தவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் அந்தப் பேருந்தும் கார்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. மேம்பாலத்துக்கு எழும் குரல் பேருந்துக்கான தனித்தடத்துக்கு எழுவதில்லை.

செம்மஞ்சேரியிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, கடைசி வகுப்பில் இருப்பதில்லை. அலுவலகங்கள் விடுவதற்குள் பேருந்தைப் பிடித்தால்தான் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, அம்மா வேலையிலிருந்து திரும்பும் முன் உலை வைக்க முடியும். போன பருவத்தில் அவள் வருகைப்பதிவு 71 சதவீதம். தேர்வெழுத 75 வேண்டும்.