பொதுநிலத்தின் புலம்பல்

புறம்போக்கு என்னும் சொல்லை வசையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். வருவாய்த்துறைப் பதிவேட்டிலோ அதன் பொருள் வேறு. ஏரி, ஓடை, மேய்ச்சல்வெளி, சுடுகாடு எனத் தனியொருவர் பட்டாவுக்குள் அடங்காது, ஊருக்கெல்லாம் பொதுவாய் நிற்கும் நிலமே புறம்போக்கு. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ இச்சொல்லை இழிவினின்று மீட்க முனைகிறது.

பலர் கைகோத்த ஆக்கம் இது. சூழலியலாளர் நித்தியானந்த் ஜெயராமனின் முனைப்பு, கபேர் வாசுகியின் வரிகள், ஆர். கே. ஸ்ரீராம்குமாரின் இசையமைப்பு, டி. எம். கிருஷ்ணாவின் குரல், ரதீந்திரன் பிரசாத்தின் இயக்கம் ஆகியன இதில் ஒன்றுகூடுகின்றன. களம், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீனவர் பிழைப்பு நலிந்த இடம் அது. சபா மேடையை விட்டிறங்கிய பாடகர், முகத்தில் மூச்சுக்கவசத்துடன் அங்கே நிற்கிறார். சென்னைப் பேச்சுத்தமிழ் இராகமாலிகையில் ஏறுகிறது. உயர்ந்த இசை, தாழ்ந்த மொழி என்ற நெடுநாள் வேலி அங்கே சரிகிறது. 2015 வெள்ளத்தைக் கண்ட நகரத்திற்கு, நீரின் வழியை அடைத்தவர் யார் எனக் கேட்கும் துணிவும் அதற்குண்டு.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இழந்தவர் பலர், பாடுபவரோ ஒருவர். நம் ஒப்பாரியில் பெண்கள் வட்டமாய் அமர்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, உடல் அசைய அழுவர். வெளியே பறை முழங்கும். குரலும் உடலும் பிரியாத அத்துயரில் வெறும் பார்வையாளர் எவருமில்லை. எண்ணூர்ப் பாடலோ நம்மைக் கேட்போராகவே இருத்திவிடுகிறது.

யோவேல் இறைவாக்கினர் காட்டும் புலம்பல் இத்தகையதன்று. அங்கே நிலம் அழுகிறது, கால்நடைகள் தவிக்கின்றன, குருக்களும் உழவர்களும் சேர்ந்தே கதறுகின்றனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒருங்கே கேட்கப் பணித்தது இம்மரபின் தொடர்ச்சியே.

பச்சைமலை அடிவாரத்து வேப்பந்தட்டைப் பகுதியில் வாழும் நமக்கு எண்ணூர் தொலைவுதான். ஆயினும் ஏரிப் புறம்போக்கும் ஓடைப் புறம்போக்கும் நமக்குப் புதியன அல்ல. மானாவாரியாய்ப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவன், ஏரி தூர்ந்தால் கிணறும் வற்றும் என்பதை நன்கறிவான். நம் ஏரிக்கரைகளிலும் இத்தகைய கலை எழ வேண்டாமா? எழுமாயின், ஒன்றை நினைவிற்கொள்வது நன்று. பறையடிப்பதை ஒரு சாதியின் கடமையென ஒதுக்கிவைத்துவிட்டுப் பொதுநிலத்தைப் பாடுவது பொருந்தாது. பங்கிலுள்ள எல்லாக் கைகளும் அக்கோலைப் பிடிக்கட்டும். எல்லாக் கால்களும் அத்தாளத்திற்கு அடியெடுத்து வைக்கட்டும். நிலத்தைப் பொதுவென்று பாடுவோர் முதலில் துயரைப் பொதுவாக்கிக்கொள்ள வேண்டும்.